சம்ப் தண்ணீரில் ஃபேஜ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ்தான் ஃபேஜ். இதைக் கிணற்றில் விட்டுக் காலராவைத் தடுக்கும் முயற்சி 1920-களிலேயே பஞ்சாபில் நடந்தது. இன்று சென்னையில், சம்ப்பில் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) உள்ள கிருமியை ஃபேஜால் கொல்வதை ஆய்வாக எடுக்கும் மாணவர்கள் சறுக்கக்கூடிய முதல் இடம் கணக்கு.

ஃபேஜ் கிருமியைத் தேடிப் போகாது. தண்ணீரில் அலைந்து மோதினால்தான் ஒட்டும். மில்லிக்கு 10 லட்சம் ஃபேஜ் இருந்தால், வழக்கமான ஒட்டும் வேகத்தில் 99 சதவீதக் கிருமிகள் சிக்க மூன்று நாளுக்கு மேல் ஆகும். 10 கோடி இருந்தால் முக்கால் மணி நேரம் போதும். "கொஞ்சம் விட்டால் தானே பெருகிவிடும்" என்பது பிராத்தில் (கிருமி வளர்க்கும் சத்துத் திரவம்) சரி. 100 மில்லிக்குச் சில நூறு ஈ.கோலை (குடலில் வாழும் பாக்டீரியா) மட்டுமே உள்ள சம்ப்பில் பெருக இரை ஏது? 5,000 லிட்டர் சம்ப்பை அந்த 10 கோடி அளவுக்குக் கொண்டுவர, மில்லிக்கு 1,000 கோடி ஃபேஜ் உள்ள கரைசல் 50 லிட்டர் வேண்டும். அதைச் சுத்திகரிக்காமல் ஊற்றினால் மிச்ச பிராத் மற்ற கிருமிகளுக்குத் தீனியாகும். செத்த பாக்டீரியாவின் வெளிச்சவ்விலிருந்து வரும் நச்சான எண்டோடாக்சினும் குடிநீரில் கலக்கும்.

ஃபேஜுக்காகக் குளோரினை நிறுத்தவே கூடாது. ஹெபடைடிஸ் ஏ, ரோட்டா வைரஸ் எதையும் ஃபேஜ் தொடாது. ஆனால் லாரித் தண்ணீரில் மிஞ்சியிருக்கும் குளோரின் ஃபேஜையும் அழிக்கும். அதனால் ஆய்வக மாதிரியில் மட்டும் சோடியம் தயோசல்ஃபேட் சேர்த்துக் குளோரினை முறியுங்கள்.

கூவத்திலோ கழிவுநீர் நிலையத்திலோ ஃபேஜ் எளிதாகக் கிடைக்கும். பிளேக் (கிருமி வளர்ந்த தட்டில் ஃபேஜ் உண்டாக்கும் வெற்று வட்டம்) தெளிவாக இருப்பதை மட்டும் நம்பி எடுத்துவிடாதீர்கள். காலரா நச்சின் ஜீனையே ஒரு ஃபேஜ்தான் சுமக்கிறது என்பது 1996-இல் தெரிந்தது. ஃபேஜின் மரபணு வரிசையில் இன்டெக்ரேஸும் (ஃபேஜின் மரபணுவைக் கிருமியின் மரபணுவில் செருகும் நொதி) நச்சு ஜீனும் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். கிருமியின் மேற்பரப்பில் ஒரே ஏற்பியை (ஃபேஜ் ஒட்டும் இடம்) பிடிக்கும் ஃபேஜ்களை மட்டும் கலந்தால் எதிர்ப்புள்ள கிருமி சீக்கிரம் தலைதூக்கும்.

மிக ஆபத்தான தவறு, பொய்யான பூஜ்யம். மாதிரியை நேராக அகரில் (கிருமி வளர்க்கும் கூழ்த் தட்டு) பரப்பினால், கூடவே வந்த ஃபேஜ் தட்டிலேயே கிருமியைக் கொல்லும். தொட்டியில் உயிரோடு இருந்த கிருமிகூடக் காலனியாக (கண்ணுக்குத் தெரியும் புள்ளியாக) முளைக்காது. 0.45 மைக்ரான் துளையுள்ள மெம்பரேனில் (மெல்லிய வடிதாள்) 100 மில்லி வடிகட்டுங்கள்: கிருமி மேலே தங்கும், ஃபேஜ் கீழே போகும். கிருமி நீக்கிய பஃபரால் (அமிலத்தன்மை மாறாத உப்புக் கரைசல்) மூன்று முறை கழுவியபின் அகரில் வையுங்கள். கழுவிய இன்னொரு மெம்பரேனில் சுமார் 50 ஈ.கோலை சேர்த்து வளருங்கள். அவையும் முளைக்காவிட்டால் கழுவியது போதவில்லை. அந்த நாளின் எண்ணிக்கையைக் கணக்கில் எடுக்காதீர்கள்.