விசாவை விலைக்கு வாங்காதீர்கள்: வளைகுடா வேலைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

"மகனுக்கு சவூதி விசா வாங்கிவிட்டேன்" என்பது இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் அன்றாடம் காதில் விழும் பேச்சு. மனை வாங்கியதைச் சொல்வதுபோலவே விசாவையும் சொல்கிறோம். தவறு அந்தச் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. விசா நம் பெயரில் அச்சாகி வந்தாலும் அதன் பிடி முதலாளியின் கையில் இருக்கிறது. அந்த நாட்டில் பதிவு பெற்ற ஒரு நிறுவனமோ, ஒரு வீட்டுக்காரரோ, இன்ன வேலைக்கு இந்த ஆளை அழைக்கிறேன் என்று அரசிடம் பொறுப்பேற்ற பிறகுதான் வேலை விசா கிடைக்கும். அவரைத்தான் கஃபீல் என்கிறார்கள். விசாவுக்கு என்ன விலை என்று கேட்பவர்கள் கஃபீல் யார் என்று கேட்பதில்லை.

இதனால் வரும் கேடுகளில் முதலிடம் 'ஃப்ரீ விசா'வுக்கு. இதற்கும் இலவசத்துக்கும் சம்பந்தமில்லை. மற்ற விசாவைவிட இதற்குக் கூடுதலாகவே கேட்பார்கள். போய் இறங்கி, பிடித்த இடத்தில் வேலை பார்த்துக்கொள்ளலாம் என்பது வாக்குறுதி. 'ஃப்ரீ விசா' என்ற பெயரில் எந்த வளைகுடா நாட்டுச் சட்டத்திலும் விசா கிடையாது. நடப்பது இதுதான்: பெயரளவில் ஒரு கடையோ ஒப்பந்த நிறுவனமோ வைத்திருப்பவர், தன் தேவைக்கு மேல் ஆட்களுக்கு அனுமதி வாங்கி, அதைத் தரகர்களிடம் விற்றுவிடுகிறார். போனவர் தானே வேலை தேட வேண்டும். அக்காமா எனும் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கஃபீலுக்குப் பணம் கட்ட வேண்டும். வேறு இடத்தில் வேலை செய்வதே சட்டமீறல் என்பதால் சம்பளம் நின்றுபோனால் புகார் கொடுக்கவும் வழியில்லை. கஃபீல் மனம் மாறி, ஆள் ஓடிவிட்டான் என்று 'ஹுரூப்' பதிவு செய்துவிட்டால் ஊர் திரும்புவதும் சிக்கலாகிவிடும். அமீரகத்தில் 2024-இல் திருத்திய சட்டப்படி, அனுமதியில்லாமல் ஆள் வைக்கும் முதலாளிக்கு 1 லட்சம் திர்ஹாம் முதல் 10 லட்சம் திர்ஹாம் வரை அபராதம். நல்ல நிறுவனம் எதுவும் இந்த விசாக்காரரைச் சேர்த்துக்கொள்ளத் துணியாது.

விசா தாளில் உள்ள தொழிலின் பெயரைப் பார்க்காமல் விடுவது அடுத்த தவறு. வெல்டருக்கு வீட்டு ஓட்டுநர் விசா வரும். "அங்கே போனதும் மாற்றிவிடலாம் தம்பி" என்பார் தரகர். குவைத்தில் வீட்டு வேலைக்கு 20-ஆம் பிரிவு, தனியார் நிறுவன வேலைக்கு 18-ஆம் பிரிவு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நினைத்தபோது தாவ முடியாது. சவூதியில் 2021 மார்ச்சில் வந்த சீர்திருத்தம், ஓராண்டு வேலை பார்த்த பிறகு கஃபீலின் சம்மதம் இல்லாமலே நிறுவனம் மாற வழிசெய்தது உண்மை. ஆனால் வீட்டு ஓட்டுநர், வீட்டுப் பணியாளர், தோட்டக்காரர் ஆகியோர் அந்தச் சலுகைக்கு வெளியே நிற்கிறார்கள். தரகர்கள் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள்.

விசிட் விசாவில் போய் வேலை தேடுவதைப் பலரும் கெட்டிக்காரத்தனம் என்று நினைக்கிறார்கள். பட்டதாரிகள் சிலருக்கு அது பலித்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வேலை அனுமதி வரும்வரை ஒரு நாள் வேலை செய்தாலும் குற்றம்தான். 10-ஆம் வகுப்பு தேறாமல் இசிஆர் பாஸ்போர்ட் (வெளிநாட்டு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்) வைத்திருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அந்த அனுமதியைத் தரும் அரசு அதிகாரியான குடிபெயர்வோர் பாதுகாவலரிடம் போகாமல் சுற்றுலாப் பயணியாகக் கிளம்பியவர் வேலைக்குப் போனார் என்பதற்கு இந்திய அரசிடம் எந்தப் பதிவும் இருக்காது. முறையாகப் போகும் இசிஆர் தொழிலாளிக்கு 10 லட்சம் ரூபாய் காப்பீடு கட்டாயம்; இரண்டு ஆண்டுக்கு அதன் தவணை வெறும் 275 ரூபாய். விசிட் விசாவில் போகிறவருக்கு அதுவும் இல்லை.

வாட்ஸ்அப்பில் வரும் ஒரு பக்கக் கடிதத்தை வேலை ஒப்பந்தம் என்று நம்பிவிடுகிறார்கள். அமீரகத்தில் வேலை உறுதிக் கடிதத்துக்கென்று மனிதவள அமைச்சகத்தின் படிவம் இருக்கிறது. தொழிலாளிக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும் என்பது விதி, தமிழிலும் கிடைக்கிறது. அங்கே போனபின் கையெழுத்திடும் ஒப்பந்தம் அந்தக் கடிதத்தை ஒத்திருக்க வேண்டும். கடிதத்தில் மொத்தச் சம்பளத்தைவிட அடிப்படைச் சம்பளத்தைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். 1,500 திர்ஹாம் என்று சொல்லிவிட்டு அடிப்படை 700, மீதி படிகள் என்று எழுதியிருப்பார்கள். பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான்: முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் சம்பளம். பல ஆண்டு உழைத்துத் திரும்பும்போதுதான் அந்த 700-இன் வலி தெரியும்.

பணத்துக்கு வருவோம். இந்தியாவில் உரிமம் பெற்ற ஆட்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும், ஆக 35,400. அதற்கும் ரசீது உண்டு. லட்சக்கணக்கில் கேட்பவர், ரசீது தர மறுப்பவர், 'எங்கள் மெயின் ஆபீஸ் மும்பையில்' என்று சொல்லும் துணைத் தரகர் ஆகியோருக்கு அந்த உரிமம் பெரும்பாலும் இருக்காது. 'டிராவல்ஸ்' என்று பெயர்ப்பலகை இருப்பது பயணச்சீட்டு விற்கத்தான் பொருந்தும். உரிம எண்ணை வாங்கி, இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அது நடப்பில் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். தமிழ்நாடு அரசே 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இயங்குகிறது. அதன் அறிவிப்புகளைப் பார்க்காமலே தரகர் வீட்டுத் திண்ணைக்குப் போகிறவர்கள் ஏராளம்.

இன்னொன்று: பல தரகர்கள் விசா தாளை விமான நிலைய வாசலில்தான் கையில் திணிப்பார்கள். அந்த நேரத்தில் யாருக்கும் படிக்கப் பொறுமை இருக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பாவது விசா, ஒப்பந்தம் இரண்டின் நகலும் கையில் இருக்க வேண்டும். தொழில், சம்பளம், கஃபீலின் பெயர் மூன்றும் இரண்டு தாளிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று அரபி தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். ஒரு நகலை வீட்டில் ரேஷன் அட்டையோடு சேர்த்து வைத்துவிட்டுப் போங்கள்.