‘என்ன நடந்துச்சு, சொல்லுங்க’ என்று ஆரம்பிக்காதீர்கள்

டெல்டாவில் புயலோ சுனாமியோ ஓய்ந்ததும், மனநல உதவி என்று நோட்டும் பேனாவுமாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினக் கரையில் பார்த்தோம். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையைக் கடந்த பிறகும் பார்த்தோம். நல்ல மனசோடுதான் வருகிறார்கள். ஆனால் உட்கார்ந்த உடனே, ‘என்ன நடந்துச்சு, முழுசாச் சொல்லுங்க.’

கொட்டித் தீர்த்தால் பாரம் குறையும் என்பது நம்மிடம் ஊறிப்போன எண்ணம். துக்க வீட்டில் கட்டிப்பிடித்து அழுவோமே, அது வேறு. அங்கே சுற்றிலும் உறவு இருக்கிறது, நாளைக்கும் இருக்கும். முன்பின் தெரியாத ஒருவர் எல்லாவற்றையும் கிளறிவிட்டுச் சாயங்கால பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டால், ராத்திரி முழுக்க அதோடு கிடப்பது கதையைச் சொன்ன அம்மாதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2011ஆம் ஆண்டு உளவியல் முதலுதவிக் கையேடு சொல்வதும் இதுதான்: பார், கேள், உதவியோடு இணைத்துவிடு. பேசச் சொல்லி நெருக்காதே. அவராகச் சொன்னால் கேளுங்கள். இல்லையா, ரேஷன் கார்டு எங்கே போச்சு, பிள்ளை சாப்பிட்டதா என்று விசாரியுங்கள்.

தகரக் கூரை படபடத்தால் பிள்ளை காதைப் பொத்திக்கொள்கிறது என்றால் உடனே நோய்ப் பெயர் சூட்ட வேண்டாம். முதல் சில வாரங்களில் தூக்கம் கெடுவதும் திடுக்கிடுவதும் பெரும்பாலோருக்குத் தானாகவே அடங்கும். ஒரு மாதம் தாண்டியும் அதே காட்சி கனவில் வருகிறது, கடல் பக்கமே போக மாட்டேன் என்கிறார், வேலை ஓடவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். அதுவரை மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கித் தருவது கூடவே கூடாது. சம்பவம் நடந்த முதல் மாதத்தில் பென்சோடயசெபைன் வகைத் தூக்க மாத்திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2013இல் சொல்லிவிட்டது.

மனநலக் கணக்கெடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. இது நானே செய்த தப்பு. மொழிபெயர்த்த படிவத்தில், ‘கடந்த இரண்டு வாரங்களில் நம்பிக்கையற்று இருந்தீர்களா?’ என்று இருந்தது. விவசாயக் கூலி வேலைக்குப் போகும் பாட்டி ஒருவர் கோபமாகவே சொன்னார்: ‘நம்பிக்கை இல்லாமயா? மாரியாத்தாதான தம்பி காப்பாத்துது!’ நான் கேட்டது மனசு விட்டுப்போனதை, அவர் காதில் விழுந்தது சாமி நம்பிக்கை. நான் ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். ‘எல்லாம் விட்டுப்போச்சுன்னு தோணுதா?’ என்று கேட்டிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும். கைநாட்டு வாங்கும் முன், இது நிவாரணப் பட்டியல் இல்லை என்று இரண்டு தடவையாவது சொல்லுங்கள். புயலடித்த ஊரில் படிவம் என்றாலே நிவாரணம்தான்.

பயிற்சி முகாமை ஊர்ப் பொது மண்டபத்தில் வைத்துவிட்டு ‘காலனியிலேர்ந்து யாரும் வரலையே’ என்று ஆச்சரியப்படுகிறவர்களிடம் என்ன சொல்ல? முகாமை எடுத்துக்கொண்டு காலனிக்கே போங்கள், அவ்வளவுதான்.

அப்புறம், 14416. டெலி மானஸ், 2022 முதல் இயங்கும் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். அதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். அந்த வீட்டின் ஒரே போன் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனிடம் இருக்கும். முதல் தடவை உங்கள் போனிலேயே போட்டு, அவர் பேசி முடிக்கிற வரைக்கும் திண்ணையில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருங்கள்.