முன் சஸ்பென்ஷன் போல்ட், நட் மாற்றுதல்: மலையில் ஓடும் கார்களுக்கு

நீலகிரியில் ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது, சக்கரம் பின்னோக்கி இழுபடுகிறது. அந்த இழுப்பைத் தாங்குவது லோயர் ஆர்மை (சக்கரத்தை அடியில் வண்டியோடு இணைக்கும் இரும்புக் கையை) வண்டியோடு சேர்த்துப் பிடித்திருக்கும் சில போல்ட்டுகள்தான். மழையும் இங்கே இரண்டு தவணை. கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவம் கொட்டும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு. இடையில் பனிமூட்டம். வண்டியின் அடிப்பாகம் முழுதாகக் காயும் நாட்கள் குறைவு. தேயிலைத் தோட்டத்துக்குப் பொட்டாஷ் மூட்டை ஏற்றும் வண்டியென்றால் துரு இன்னும் வேகமாக ஏறும். அந்த உரத்தில் இருக்கும் குளோரைடு இரும்பை அரிக்கும்.

பிரேக் போடும்போது ஒரு ‘டக்’, ரிவர்ஸ் எடுத்துப் பிரேக் போட்டால் இன்னொரு ‘டக்’ என்று கேட்டால் முதலில் லோயர் ஆர்ம் போல்ட்டையும், அந்த போல்ட் நுழையும் ரப்பர் பொதிந்த குழாயான புஷ்ஷையும் பாருங்கள். சின்னப் பள்ளத்தில் கடகடவென்றால் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க், அதாவது வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியை இணைக்கும் சின்னத் தண்டு. பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, பிரேக்கில் குறையில்லை என்றால் ஆர்ம் இருக்கும் இடத்தில் நிற்கவில்லை என்று சந்தேகப்படலாம். இந்தக் குறிப்பு மாருதி, ஹூண்டாய் சிறிய கார்களைப் போல மெக்பர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) உள்ள வண்டிகளுக்கானது.

போல்ட் வாங்குவதில்தான் பலரும் தவறுகிறார்கள். தலையில் பலத்தின் தரம் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கும். கழற்றியதில் 10.9 இருந்தால் புதியதிலும் அதுவே வேண்டும், நட்டும் அதற்கு ஈடான 10ஆம் தரம். துருப்பிடிக்காது என்பதற்காக ஸ்டெயின்லெஸ் போல்ட் போடாதீர்கள். கடைகளில் கிடைக்கும் சாதாரண ஸ்டெயின்லெஸ் 8.8-ஐவிடவும் பலம் குறைவு. இரண்டாவது, மரை. ஜப்பானிய வழிக் கார்களில் 12 மி.மீ. போல்ட்டுக்கு மரை இடைவெளி பொதுவாக 1.25 மி.மீ. ஹார்டுவேர் கடையில் சட்டென்று கிடைப்பது 1.75. அதை ஸ்பேனரால் திணித்தால் பாடியில் வெல்டிங் செய்த நட்டின் மரை போய்விடும், அப்புறம் வேலை பல மடங்கு. மூன்றாவது, நீளம். மரையில்லாத வழுவழுப்பான பகுதிதான் பிராக்கெட்டின் துளைக்குள் உட்கார வேண்டும். அங்கே மரை வந்தால் துளையை அராவிப் பெரிதாக்கும். நைலான் வளையம் வைத்த நட்டுக்கு ஒரே தடவைதான் ஆயுள். நட் கழலாமல் துளையில் செருகி மடக்கும் ஸ்பிளிட் பின்னும் அப்படியே. கம்பெனி உதிரிப்பாகத்தையே மாடல், வருடம் சொல்லிக் கேட்டு வாங்குவது நல்லது. கோவையிலிருந்து வர ஒரு நாள் தாமதமானாலும் பரவாயில்லை.

வேலைக்குச் சமதரை கட்டாயம். மலையில் அது கிடைப்பது சிரமம்தான், ஆனால் சரிவில் ஜாக்கி போடவே கூடாது. ஹேண்ட் பிரேக், முதல் கியர், பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை. வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்துங்கள். தூக்குவதற்கு முன் இன்னொன்று செய்ய வேண்டும்: சக்கரத்தின் நடுமையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை உள்ள உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். இந்த எண் கடைசியில் தேவைப்படும். பிறகு இரு பக்கமும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்.

துருவேறிய போல்ட்டுக்கு முந்தின நாள் இரவே கம்பி பிரஷ் போட்டு, துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கள். ஆறுமூலை சாக்கெட்டையே பயன்படுத்துங்கள், பன்னிரண்டு மூலை நழுவித் தலையைத் தேய்த்துவிடும். நட் கழன்ற பிறகும் போல்ட் வரவில்லையென்றால் புஷ்ஷின் உள் குழாயோடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கேஸ் வைத்துச் சூடாக்கினால் ரப்பர் கருகும், பக்கத்து உலோகத்தின் பதமும் கெடும். புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையே ஹாக்ஸா பிளேடை விட்டு இருபுறமும் அறுத்து எடுத்துவிட்டு, புஷ்ஷையும் மாற்றிவிடுவதே சரி.

ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் (சக்கரத்தைத் தாங்கும் வார்ப்புப் பாகம்) இணைக்கும் இரண்டு போல்ட்டைத் தொடுமுன் இரண்டும் சேரும் இடத்தில் பெயின்டால் கோடு போடுங்கள். அந்தத் துளைகளில் சிறிது இடமிருப்பதால் சக்கரத்தின் சாய்வு மாறும். கோடு இருந்தாலும் முடிவில் வீல் அலைன்மென்ட் பார்த்தாக வேண்டும். பிரேக் காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். நக்கிளை வெளியே அதிகம் இழுத்தால் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட் கழன்றுவிடும். பானெட்டுக்குள் ஸ்ட்ரட்டின் உச்சியில் தெரியும் நடு நட்டை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். அழுத்தி வைத்த ஸ்பிரிங்கை அதுதான் பிடித்திருக்கிறது, வெளியே பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து.

புது போல்ட்டைப் பழையது வந்த திசையிலேயே நுழையுங்கள், மாற்றிப் போட்டால் முனை எதிலாவது உரசும். முதல் நாலைந்து சுற்று கையால்தான். புஷ்ஷின் உள் குழாய்க்குள் போகும் வழுவழுப்பான பகுதியில் கிரீஸ் மெல்லப் பூசலாம், அடுத்த முறை ஒட்டாது. மரையில் மட்டும் பூசாதீர்கள். எண்ணெய் பட்ட மரையில் அதே இறுக்கம் போல்ட்டை அளவுக்கு மீறி இழுத்துவிடும். ஆர்மின் முனை நக்கிளோடு சேரும் பால் ஜாயின்ட்டில் காசில் நட் (மேலே வெட்டுகள் உள்ள நட்) இருந்து, ஸ்பிளிட் பின் துளை நேராக வரவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்க வேண்டும், பின்னுக்குத் தளர்த்தக் கூடாது.

இனி வருவதுதான் முழு வேலையின் உயிர். சக்கரம் தொங்கும் நிலையில் லோயர் ஆர்ம் போல்ட்டை முழுதாக இறுக்காதீர்கள். புஷ்ஷில் ரப்பர், உள் குழாயோடும் வெளிக் குழாயோடும் ஒட்டவைக்கப்பட்டது. ஆர்ம் அசையும்போது ரப்பர்தான் முறுகிக்கொடுக்கிறது. தொங்கும்போது இறுக்கினால் அந்த நிலையே அதற்கு இயல்பாகிவிடும். வண்டியை இறக்கியதும், ஈரத்துணியைப் பிழிந்து முறுக்கிலேயே வைத்ததுபோல ரப்பர் எப்போதும் முறுகியே நிற்கும், சீக்கிரமே கிழியும். புது புஷ் சில மாதங்களில் போகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

எனவே போல்ட்டை விரலிறுக்கத்தில் விட்டு, ஆர்மின் பால் ஜாயின்ட் முனைக்கடியில் ஜாக்கி வைத்து, முன்பு எழுதிய உயரம் வரும்வரை தூக்கி, அதன்பின் இறுக்குங்கள். ஸ்டெபிலைசர் லிங்க்கை அதுவரை மாட்ட வேண்டாம், அது எதிர்த்து நிற்கும். அந்த உயரம் வருமுன்பே வண்டி ஸ்டாண்டிலிருந்து எழும்பினால் நிறுத்திவிடுங்கள். சக்கரங்களை மாட்டி, தடிமனான பலகைகள்மேல் வண்டியை இறக்கி, அடியில் கைவிட்டு இறுக்கலாம்.

இறுக்கம் எவ்வளவு என்பதற்கு உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலே கணக்கு. சிறிய கார்களில் 12 மி.மீ. ஆர்ம் போல்ட் பெரும்பாலும் 80 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் வரும், வீல் நட் மாருதியில் பெரும்பாலும் 85 முதல் 100. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இல்லையென்றால் போல்ட் மையத்திலிருந்து 30 செ.மீ. தூரத்தில் கைப்பிடியில் தொங்கு தராசை மாட்டி நேர்கோணத்தில் இழுங்கள். 30 கிலோ காட்டும்போது ஏறக்குறைய 88 நியூட்டன் மீட்டர்.

இறுக்கிய நட்டிலிருந்து பிராக்கெட் வரை வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். 100 கி.மீ. ஓடியதும், அல்லது மேட்டுப்பாளையம் வரை ஒருமுறை இறங்கி ஏறியதும் குனிந்து பாருங்கள். கோடு விலகியிருந்தால் மீண்டும் இறுக்கிவிட்டு விட்டுவிடாதீர்கள். அந்த நட்டைப் புதிதாக மாற்றுங்கள், பிராக்கெட் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா என்றும் போல்ட்டை உருவிப் பாருங்கள்.