படிவத்தில் மாத டிராப்டவுன் அமைப்பது எப்படி?

பிறந்த தேதி, கார்டு காலாவதி, மாத அறிக்கை என்று எந்தப் படிவத்தை எடுத்தாலும் மாதத்தைக் கேட்கும் இடம் ஒன்று வந்துவிடுகிறது. டிராப்டவுனில், அதாவது தொட்டால் விரியும் பட்டியலில், பன்னிரண்டு பெயர்களை வரிசையாக அடுக்கினால் வேலை முடிந்தது போலத் தோன்றும். ஆனால் பயனர் கண்ணில் படுவது மாதத்தின் பெயர். சர்வருக்குப் போக வேண்டியது ஓர் எண். இந்த இரண்டையும் முதல் வரியிலிருந்தே பிரித்து வைத்துக்கொண்டால் பின்னால் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை எழவே எழாது.

எச்டிஎம்எல் அடிப்படையும் ஜாவாஸ்கிரிப்டில் கொஞ்சம் அறிமுகமும் இருந்தால் போதும். கட்டளைச் சொற்களை இங்கே தமிழ் உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் வழக்கமான ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சு செய்யுங்கள்.

படி 1: கூடு

ஒரு செலக்ட் டேக் திறந்து, அதற்கு ஐடி, நேம் என்ற இரண்டு பண்புகளையும் கொடுங்கள். இரண்டும் ஒன்றல்ல. லேபிள் டேகின் ஃபார் பண்பு பிடித்துக்கொள்வது ஐடியை. படிவத்தை அனுப்பும்போது சர்வருக்குப் போவது நேம். நேம் இல்லாவிட்டால் பயனர் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த மதிப்பு அனுப்பப்படாது. பிழைச் செய்தியும் வராது.

லேபிளைத் தவிர்க்காதீர்கள். திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துக் காட்டும் திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவருக்கு இந்தப் பெட்டி எதைக் கேட்கிறது என்று சொல்வது அதுதான்.

படி 2: பன்னிரண்டு வரிகள்

செலக்டுக்குள் ஒவ்வொரு மாதத்துக்கும் ஓர் ஆப்ஷன் டேக். டேகுக்கு நடுவே பெயர்: ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று. வேல்யூ பண்பில் எண்: 1, 2, 3 என்று 12 வரை. வேல்யூ எழுதாமல் விட்டால் நடுவில் உள்ள பெயரே சர்வருக்குப் போய்விடும். பிறகு யாராவது 'ஜனவரி'யை 'ஜன.' என்று சுருக்கினால், பெயரை நம்பி எழுதிய நிரல் அத்தனையும் நின்றுவிடும்.

01, 02 என்று முன்னால் பூஜ்யம் போடலாமா? நான் போடுவதில்லை. மாதம் ஓர் எண். தரவுத்தளத்திலும் அதை முழு எண்ணாகவே சேமியுங்கள். எழுத்தாகச் சேமித்தால் வரிசைப்படுத்தும்போது 10 வந்து 2க்கு முன்னால் நிற்கும். திரையில் இரண்டு இலக்கமாகக் காட்ட வேண்டுமானால் காட்டும் இடத்தில் பூஜ்யத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.

படி 3: முதல் ஆப்ஷன்

அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். பட்டியலின் முதல் வரியே ஜனவரியாக இருந்தால், பெட்டியைத் தொடாமல் கடந்து போனவர் எல்லோரும் ஜனவரியில் பிறந்தவர்களாகப் பதிவாவார்கள். தவறு நடந்தது யாருக்கும் தெரியாது. ஜனவரி ஒரு சரியான மாதம்தானே!

ஆகவே ஜனவரிக்கு மேலே 'மாதத்தைத் தேர்ந்தெடுக்கவும்' என்று ஓர் ஆப்ஷன் வையுங்கள். அதன் வேல்யூ காலியாக இருக்க வேண்டும்: இரட்டை மேற்கோள் குறி திறந்து உடனே மூட வேண்டும், நடுவில் ஓர் இடைவெளிகூடக் கூடாது. பிறகு செலக்ட் டேகில் ரிக்வயர்ட் என்ற பண்பைச் சேருங்கள். இனி மாதத்தைத் தேர்ந்தெடுக்காமல் படிவத்தை அனுப்ப முயன்றால் பிரௌசரே தடுத்துவிடும். காலிக்குப் பதிலாக 0 போட்டால் பிரௌசர் அதையும் ஒரு பதிலாக ஏற்றுக்கொண்டு விட்டுவிடும்.

மாத அறிக்கை போன்ற இடங்களில் நடப்பு மாதம் முன்பே தேர்வாகியிருப்பது வசதி. அங்கே உரிய ஆப்ஷனில் செலக்டட் பண்பைச் சேர்க்கலாம். பிறந்த மாதத்துக்கு அப்படிச் செய்யக் கூடாது.

படி 4: ஜாவாஸ்கிரிப்டில் படிப்பது

செலக்டின் வேல்யூவைப் படித்தால் கிடைப்பது எண்ணல்ல, எழுத்துச் சரம். பயனர் ஜனவரியைத் தேர்ந்தெடுக்கிறார்; அடுத்த மாதத்தைக் கண்டுபிடிக்க நீங்கள் 1ஐக் கூட்டுகிறீர்கள்; விடை 2 அல்ல, 11. பிப்ரவரி வர வேண்டிய இடத்தில் நவம்பர் வந்து நிற்கும். படித்தவுடனே நம்பர் செயற்கூற்றால் எண்ணாக மாற்றிவிடுங்கள்.

அடுத்தது, ஜாவாஸ்கிரிப்டில் தேதிகளைக் கையாளும் டேட் மாதங்களை 0 முதல் 11 வரை எண்ணுகிறது. ஒரு தேதியின் மாத எண்ணைத் தரும் கெட்மன்த் ஜனவரிக்குத் தருவது 0. 1995இல் இந்த மொழி உருவானபோது ஜாவாவின் டேட்டைப் பார்த்து அமைத்தார்கள். சி மொழியிலும் மாத எண் 0இல்தான் தொடங்குகிறது. ஜாவா தன் புதிய தேதி நூலகத்தில் 1 முதல் 12க்கு மாறிவிட்டது. ஜாவாஸ்கிரிப்டின் டேட் மாறவில்லை. படிவத்திலும் தரவுத்தளத்திலும் 1 முதல் 12 என்றே வைத்துக்கொண்டு, டேட்டைத் தொடும் அந்த ஒரே இடத்தில் மட்டும் 1ஐக் கழியுங்கள். கழித்தலும் கூட்டலும் நிரல் முழுக்கச் சிதறிக் கிடந்தால் எங்கே ஒரு மாதம் நழுவியது என்று தேடியே நேரம் போய்விடும்.

படி 5: பல மொழிகளில் வேண்டுமானால்

ஒரே மொழியில் இயங்கும் தளம் என்றால் பன்னிரண்டு வரிகளையும் கையால் எழுதுவதே நல்லது; ஜாவாஸ்கிரிப்ட் ஏற்றப்படாவிட்டாலும் பட்டியல் வேலை செய்யும். பயனரின் மொழிக்கேற்பப் பெயர் மாற வேண்டுமானால் பிரௌசரிலேயே உள்ள இன்டல் வசதியின் டேட்டைம்ஃபார்மட்டைப் பயன்படுத்துங்கள். மொழிக் குறியீட்டையும், மாதம் முழுப் பெயராக வேண்டும் என்பதற்கு லாங் என்பதையும் கொடுத்தால் பெயர் வந்துவிடும். நேரோ என்ற மிகச் சுருங்கிய வடிவம் வேண்டாம்; தமிழில் ஜூனும் ஜூலையும் இரண்டுமே 'ஜூ' ஆகிவிடும்.

பன்னிரண்டு பெயர்களையும் எடுக்க ஒரு சுற்று (லூப்) எழுத வேண்டும். இந்தச் சுற்றில் இன்றைய தேதியை எடுத்து, செட்மன்த்தால் மாதத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போவது ஆபத்து. இன்று 31ஆம் தேதி என்றால், பிப்ரவரி 31 என்ற நாள் இல்லாததால் தேதி மார்ச்சுக்குத் தாவும். பட்டியலில் பிப்ரவரி காணாமல் போய் மார்ச் இரண்டு முறை வரும். மாதத்தின் முதல் 28 நாட்களில் சரியாக இருப்பதால் இந்தப் பிழை எளிதில் அகப்படாது. ஒவ்வொரு சுற்றிலும் ஆண்டு, மாதம், 1 என்று மூன்று எண்களைக் கொடுத்துப் புதிய டேட் உருவாக்குங்கள். 2025-01-01 என்று சரமாகக் கொடுக்காதீர்கள்: அது உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளப்படும், அதற்குப் பின்தங்கிய நேர மண்டலத்தில் இருப்பவருக்கு ஜனவரிக்குப் பதில் டிசம்பர் தெரியும்.

படி 6: சர்வரில் சரிபார்ப்பு

பிரௌசரில் உள்ள எதையும் யார் வேண்டுமானாலும் மாற்றி அனுப்பலாம். வந்தது முழு எண்தானா, 1க்கும் 12க்கும் உட்பட்டதா என்று சர்வரில் மீண்டும் பாருங்கள். இல்லையென்றால் படிவத்தைத் திருப்பிக் காட்டுங்கள், பயனர் நிரப்பிய மற்ற விவரங்களை அழிக்காமல்.

கார்டு காலாவதிக்கு மட்டும் ஒரு மாற்றம்

கார்டில் மாதம் எண்ணாகவே அச்சாகியிருக்கிறது. பெயரை மட்டும் காட்டினால் பயனர் விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கும். '05 - மே' என்று எண்ணை முன்னால் வையுங்கள்; வேல்யூ 5 ஆகவே இருக்கட்டும். விசைப்பலகையில் வேலை செய்பவர் பெட்டிக்கு வந்து 0, 5 என்று தட்டினாலே மே மாதத்துக்குப் போய்விடுவார், தமிழ் விசைப்பலகைக்கு மாறாமலே. ஆட்டோகம்ப்ளீட் பண்பில் கார்டு காலாவதி மாதத்துக்கும் பிறந்த மாதத்துக்கும் தனித்தனி பெயர்கள் உண்டு. உரியதைக் கொடுத்தால் பிரௌசர் தானாகவே நிரப்ப முடியும்.

முடித்ததும் மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு டேப் விசையாலும் அம்பு விசைகளாலும் மட்டும் படிவத்தை ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். ஐபோனிலும் திறந்து பாருங்கள்: செலக்டின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால், பெட்டியைத் தொட்டதும் பக்கம் பெரிதாகிவிடும்; எழுத்தளவை 16க்கு உயர்த்தினால் சரியாகிவிடும்.