பாஸ்போரிலேற்ற ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடகிழக்குப் பருவமழை வலுத்தால் டெல்டாவில் சம்பாப் பயிர் மூழ்குவது வாடிக்கை. சிஆர் 1009 சப்1 போன்ற ரகங்கள் அதைத் தாங்கக் காரணம் சப்1ஏ என்ற மரபணு. அது உருவாக்கும் புரதத்தின் மேல் எம்பிகே3 என்ற கைனேஸ் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. பாஸ்போரிலேற்றம் எனப்படும் இந்த மாற்றத்தை நெல்லில் பார்க்க விரும்பும் தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பெரும்பாலான ஆய்வுகள் ஜெல்லில் கெடுவதில்லை, வயலிலேயே கெட்டுவிடுகின்றன. இலையைக் கிள்ளினால் செடிக்கு அது காயம். காயம் பட்ட சில நிமிடங்களில் எம்ஏபி கைனேஸ்கள் (எம்பிகே3 இருக்கும் குடும்பம்) தூண்டப்பட்டுவிடும். மூழ்கிய நாற்றைப் பிடுங்கி, கவரில் போட்டு, பைக்கில் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தால் நாம் அளப்பது வெள்ளத்தின் விளைவை அல்ல, பயணத்தின் விளைவை. திரவ நைட்ரஜனை வரப்புக்கே கொண்டு போங்கள். வெட்டிய கையோடு இலை அதில் விழ வேண்டும். மூழ்காத ஒப்பீட்டுச் செடியையும் அதே நேரத்தில், அதே முறையில் எடுங்கள்.

அடுத்தது செல்லை உடைக்கும் கரைசல். புரதம் சிதையாமல் காக்கும் புரோட்டியேஸ் தடுப்பான் மட்டும் போட்டால் போதாது. செல் உடைந்ததும் பாஸ்பட்டேஸ் நொதிகள், டைரோசின், செரின், திரியோனின் ஆகிய அமினோ அமிலங்களில் ஏறிய பாஸ்பேட்டைக் கழற்றத் தொடங்கிவிடும். சோடியம் ஆர்த்தோவனடேட் டைரோசின் பாஸ்பட்டேஸ்களைத் தடுக்கும். செரின், திரியோனினுக்குச் சோடியம் ஃபுளூரைடும் பீட்டா கிளிசரோபாஸ்பேட்டும் வேண்டும். வனடேட்டை அப்படியே கரைத்து ஊற்றுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. பிஎச் 10-க்குக் கொண்டுவந்தால் கரைசல் மஞ்சளாகும். கொதிக்க வைத்தால் நிறம் போய்விடும். ஆறவிட்டு மறுபடி பிஎச் பாருங்கள். மஞ்சள் திரும்பாமல், பிஎச் 10-இலேயே நிற்கும்வரை இதைச் செய்ய வேண்டும். உலோக அயனிகளைப் பிடிக்கும் ஈடிடிஏவும், ஒடுக்கியான டிடிடியும் வனடேட்டைச் செயலிழக்கச் செய்யும், கரைசலில் அவை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எல்லாம் ஐஸில் நடக்கட்டும், மே மாத வெயிலில் ஐஸ் உருகுவதையும் கவனியுங்கள். அப்புறம், கரைசலைச் சிறு சிறு குப்பிகளாகப் பிரித்து வையுங்கள். ஒரே குப்பியைத் திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைக்காதீர்கள்.

ஜெல்லில் பிரித்த புரதத்தைச் சவ்வுக்கு மாற்றி ஆன்டிபாடியால் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட்டில், சவ்வின் வெற்றிடங்களை மூடப் பாலைத் தவிர்ப்பது நல்லது. பாலில் உள்ள கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம் என்பதால் பாஸ்பேட் ஏறிய வடிவத்தைப் பிடிக்கும் பாஸ்போ ஆன்டிபாடி அதிலும் ஒட்டி, பின்புலம் கறுத்துவிடலாம். பிஎஸ்ஏ (மாட்டு சீரம் ஆல்புமின்) போடுங்கள். கழுவ பாஸ்பேட் கரைசலுக்குப் பதில் டிபிஎஸ்டி (ட்வீன் சேர்த்த ட்ரிஸ் உப்புக் கரைசல்).

ஆன்டிபாடி விஷயத்தில் இன்னொன்று. மனிதச் செல்லின் எர்க் என்ற எம்ஏபி கைனேஸுக்குத் தயாரித்த பாஸ்போ எர்க் ஆன்டிபாடியே நெல்லின் எம்பிகே3, அதே குடும்பத்து எம்பிகே6 இரண்டையும் பிடிக்கும், திரியோனின்-குளூட்டமேட்-டைரோசின் என்ற தொடர் பொதுவாக இருப்பதால். வசதிதான். ஆனால் வரும் கோடு எது என்று அந்த ஆன்டிபாடி சொல்லாது. பாஸ்போ கோடு தடித்தால் பாஸ்பேட் கூடியதா, புரதமே கூடியதா? மொத்தப் புரதத்துக்கான ஆன்டிபாடி இல்லாமல் இதற்கு விடை கிடையாது. எவ்வளவு மாதிரி ஏற்றினோம் என்பதை மட்டும் காட்டும் ஆக்டின் புரதக் கோடு அதற்கு ஈடாகாது.

லாம்டா பாஸ்பட்டேஸ் சோதனையை யாரும் விட்டுவிடாதீர்கள். மாதிரியின் ஒரு பங்கில் பாஸ்பேட்டைக் கழற்றும் அந்த நொதியைச் சேர்த்து ஓட்டினால், உண்மையான பாஸ்போ கோடு மறைய வேண்டும். மறையாவிட்டால் ஆன்டிபாடியைச் சந்தேகியுங்கள். அந்தப் பங்கில் மட்டும் தடுப்பான்கள் இருக்கக் கூடாது.

பாஸ்பேட் ஏறிய புரதத்தைப் பிடித்துத் தாமதப்படுத்தும் பாஸ்-டேக் ஜெல் ஓட்டுபவர்கள் மாதிரியில் ஈடிடிஏ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பாஸ்-டேக் வேலை செய்யத் தேவையான உலோக அயனிகளை அது பறித்துவிடும். அதே ஈடிடிஏ, சவ்வுக்கு மாற்றும் முன் ஜெல்லை ஊற வைக்கத் தேவைப்படும். இந்த ஜெல்லில் மேலே நிற்கும் கோட்டை மூலக்கூறு எடையாக எழுதிவிடாதீர்கள். ஒரு பாஸ்பேட் சேர்த்தால் கூடும் எடை 80 டால்டன்தான்; கோடு உயர்ந்தது பாஸ்-டேக் பிடித்து இழுத்ததால்.