பொழுது சாய்வதற்குள் ஒரு வார்த்தை

வீட்டில் சண்டை என்றால் யார் முதலில் பேசுவது என்று காத்திருக்காதீர்கள். சூரியன் மறைவதற்குள் எரிச்சல் தணியட்டும் என்கிறது பைபிளில் எபேசியர் 4:26. நம் பினாங்கில் அது ஏழு, ஏழரை மணி, அதற்குள் தவறு யார் பக்கம் என்பது தீராது, தீரவும் வேண்டாம்.

போன மாதம் தம்பிக்குக் கொடுத்த பணத்தால் எனக்கும் வீட்டுக்காரருக்கும் பெரிய வாக்குவாதம். சாயங்காலம் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே, "தே கலக்கட்டுங்களா?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

அடுத்து அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேளுங்கள். "நீங்க எப்பவுமே இப்படித்தான்" மட்டும் வாயில் வரவே கூடாது, பழைய கணக்கெல்லாம் அதில்தான் திறக்கும். கை ஓங்கும் வீடென்றால் இது பொருந்தாது, முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள்.