குளிர்ந்த நீரில் முக்குளிக்கும் முன்

நீர் 10 டிகிரிக்குக் கீழே இருக்கிறதா? முதலில் ரெகுலேட்டரை, அதாவது சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் கருவியைப் பாருங்கள், உடையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சிலிண்டர் காற்று அழுத்தம் குறைந்து விரியும்போது கடுமையாகக் குளிரும். உள்ளே பனி பிடித்தால் வால்வு திறந்தபடியே நின்றுவிடும், காற்று கொட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே குளிர்நீருக்கென்று, உள்ளே நீர் புகாதபடி மூடிய ரெகுலேட்டரே வேண்டும். உறைகுளிரில் கரையில் நின்று அதில் மூச்சுவிட்டுப் பார்க்காதீர்கள். மூச்சின் ஈரமே உள்ளே உறைந்துவிடும். மிதவை அங்கிக்கு (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் அங்கி) காற்று ஏற்றுவதையும் சிறு சிறு தட்டல்களாக, மூச்சை வெளியே விடும் நேரத்தில் செய்யுங்கள்.

அப்படியும் கொட்டத் தொடங்கினால் பதறவேண்டாம். வாயை இறுக்கி மூடாமல், மிஞ்சும் காற்றை ஓரமாக வழியவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சியபடி துணையோடு நிதானமாக மேலேறுங்கள். இதை ஆழமில்லாத இடத்தில் பயிற்றுநரோடு முன்பே பழகியிருக்க வேண்டும், தயவுசெய்து.

உடையில் எனக்கு உள்ளே நீர் புகாத உலர் உடைதான் நம்பிக்கை. அதற்குத் தனிப் பயிற்சி கட்டாயம். உள்ளே கொஞ்சம் நீர் புகவிடும் 7 மில்லிமீட்டர் ஈர உடை கொஞ்ச நேரம்தான் தாங்கும், ஆழத்தில் நசுங்கி இன்னும் மெலியும்.

விரல்களை அடிக்கடி சோதியுங்கள். கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட முடியவில்லையா? சரி, அன்றைக்கு அவ்வளவுதான். துணைக்குச் சைகை காட்டிவிட்டு ஏறிவிடுங்கள்.